பாதியில் நிற்கும் குயில்ட்டையும் ஸ்வெட்டரையும் முடிப்பது எப்படி?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவர் பீரோவில் மூன்று வேலைகள் பாதியில் கிடக்கின்றன. ஒன்று, பழைய காட்டன் சேலைகளை வெட்டிச் சேர்த்த குயில்ட், அதாவது அடுக்குத் துணிப் போர்வை. ஒற்றைக் கட்டில் அளவு, 60க்கு 80 அங்குலம். மேல்துணி சேர்த்தாகிவிட்டது, பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டை அடியில் வைத்து ஒரு மூலையில் ஊக்குக் குத்தியதோடு நின்றுவிட்டது. இரண்டாவது, பேரனுக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை வரை ஆகியிருக்கிறது. அதே நிற நூல் இப்போது கடையில் இல்லை. மூன்றாவது, திருப்பூர் சொந்தக்காரர் கொடுத்த பனியன் கட்டிங் துணியில் வெட்டி வைத்த சதுரங்கள், ஒரு பை நிறைய. "ஆரம்பிக்கும்போது இருக்கிற ஆசை கடைசியில் இருப்பதில்லை. நான் சோம்பேறியா? எதை முதலில் முடிக்கட்டும், எப்படி முடிக்கட்டும்?" என்பது அவர் கேள்வி.

சோம்பேறித்தனம் இல்லைங்க அக்கா. 60க்கு 80 அளவில் துண்டு துண்டாகச் சேர்த்தவர் சோம்பேறியாக இருக்க முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல வருடம் இருந்தவள் நான். அங்கே டெய்லர் கடைசித் தையலைப் போட்டுவிட்டால் பனியன் நேராகப் பெட்டிக்குப் போய்விடாது. பிசிறு வெட்ட ஆள், டேமேஜ் பார்க்க ஆள், அயர்ன் பண்ண ஆள், மடித்து பேக்கிங் பண்ண ஆள் என்று ஒரு தனிப் பிரிவே இருக்கும். அதற்குத் தனி மேசை, தனி வெளிச்சம், தனிச் சம்பளம். வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? நிறம் பார்த்து, வெட்டி, சேர்த்து, எல்லா உற்சாகமும் தீர்ந்த பிறகு, அதே களைத்த கையிடம் "இதையும் முடித்துவிடு" என்கிறோம். முடிப்பு வேலை என்பது தையலின் வால் கிடையாது. அது வேறு வேலை. அதற்கு வேறு இடம் வேண்டும், வேறு சாமான் வேண்டும், இன்னொரு நாளின் தெளிவான தலை வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று பைகளிலும் வேலை நின்றது உழைப்பு தேவைப்பட்ட இடத்தில் இல்லை. ஏதோ ஒன்றை முடிவு செய்ய வேண்டிய இடத்தில். குயில்ட்டுக்கு அடித்துணி எது, நடுவில் அந்தப் பஞ்சுதானா என்று தீர்மானிக்கவில்லை. ஸ்வெட்டருக்கு நூல் இல்லாவிட்டால் என்ன என்று தீர்மானிக்கவில்லை. பனியன் சதுரங்கள் என்னவாகப் போகின்றன என்பதே முடிவாகவில்லை. எனவே முதல் நாள் ஊசியை எடுக்காதீர்கள். மூன்றையும் கட்டிலில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றுக்கும் "அடுத்து என்ன" என்று ஒரு சீட்டில் ஒரே ஒரு வரி எழுதி அந்தப் பையிலேயே வையுங்கள். ஊசி எண், எத்தனையாவது வரிசை, மெஷினில் தையல் நீளம் எவ்வளவு என்பதையும் அதே சீட்டில் குறித்துவிடுங்கள். வேலையை விட்டுப் பல மாதம் ஆனால் துணி அப்படியே இருக்கும், நம் ஞாபகம் இருக்காது.

அதோடு இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு காரியம்: குயில்ட்டில் குத்திய ஊக்குகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். மழைக்கால ஈரத்தில் ஊக்கு துருப்பிடித்தால் துணியில் பழுப்புப் புள்ளி விழும், சோப்புக்குப் போகாது. ஏற்கெனவே விழுந்திருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். சாயத் துணியாக இருந்தால் நிறமும் கொஞ்சம் வெளுக்கும், அதனால் வெட்டி வீசிய துண்டு ஒன்றில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்வெட்டரை முடியுங்கள். குயில்ட் பெரிய வேலை, அது காத்திருக்கும். பேரன் வளர்வது காத்திருக்காது.

நூல் இல்லை என்பதற்கு என் யோசனை, கையில்லாத ஸ்வெட்டராக மாற்றிவிடுவதுதான். முடித்து வைத்திருக்கும் அந்த ஒற்றைக் கையைப் பிரித்துவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அந்தக் கையில் இருக்கும் நூல், கழுத்துப் பட்டிக்கும் இரண்டு கைக்குழிப் பட்டிக்கும் தாராளமாகப் போதும்; அதே டை லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்) என்பதால் நிறமும் ஒட்டும். கடையில் அதே ஷேட் நம்பர் கிடைத்தாலும் டை லாட் வேறாக இருந்தால், விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் இரண்டாகப் பிரிந்து தெரியும். நம் ஊர்க் குளிருக்கும் கையில்லாததே சரி. மார்கழி, தை விடியற்காலையில் நெஞ்சு மூடினால் போதும். எட்டு மணிக்கு மேல் குழந்தை முழுக்கை ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி அழும். ஊட்டி, வால்பாறை போகும்போது உள்ளே முழுக்கை டீ-ஷர்ட் போட்டுக்கொள்ளலாம்.

பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே பின்னினால் கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும்) மேடும் பள்ளமுமாக வரும். நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். ஓரளவு நேராகிவிடும்.

பின்னுவதற்கு முன் ஊசி எண்ணைச் சரிபாருங்கள். நம் கடைகளில் கிடைக்கும் போனி போன்ற ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும். எண் கூடக்கூட ஊசி மெலியும். 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10ஆம் நம்பர் என்றால் 3.25 மில்லிமீட்டர். இணையத்தில் பார்க்கும் அமெரிக்கக் குறிப்பில் இது தலைகீழ். அங்கே 8 என்பது 5 மில்லிமீட்டர். நீங்கள் பாதி வேலையை ஒரு குறிப்பைப் பார்த்தும் மீதியை இன்னொன்றைப் பார்த்தும் செய்தால், எண் ஒன்றாக இருந்தும் பின்னல் வேறாகிவிடும். எப்போதும் மில்லிமீட்டரைப் பாருங்கள். இடைவெளி விட்டால் கையின் இறுக்கமும் மாறியிருக்கும். சின்னதாக ஒரு துண்டு பின்னி, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணி, பழைய பாகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இனி வரிசை. இரண்டு நேர் ஊசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வரிசை முக்கியம். முதலில் ஒரு தோளை மட்டும் சேருங்கள். அப்புறம் கழுத்தைச் சுற்றி 10ஆம் நம்பர் ஊசியில் கண்ணி எடுத்து ஒன்றுக்கு ஒன்று ரிப் பின்னுங்கள், அதாவது ஒரு நேர்க் கண்ணி (நிட்), ஒரு எதிர்க் கண்ணி (பர்ல்) என்று மாற்றி மாற்றி. இன்னொரு தோள் திறந்திருப்பதால் நேர் ஊசியிலேயே இதைச் செய்யலாம். கழுத்து முடிந்ததும் அடுத்த தோளையும் பட்டியையும் சேர்த்துத் தையுங்கள். பிறகு இரண்டு கைக்குழிகளுக்கும் அதேபோல் கண்ணி எடுத்து ஆறு முதல் எட்டு வரிசை ரிப். கடைசியாகத்தான் பக்கத் தையல். கைக்குழிப் பட்டியின் முனையிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டத்தில் தைக்கலாம்.

கண்ணி எடுக்கும் கணக்கில்தான் பலருக்குப் பட்டி அலையடிக்கிறது அல்லது சுருங்குகிறது. பின்னலில் ஒரு கண்ணியின் அகலமும் ஒரு வரிசையின் உயரமும் சமம் கிடையாது. செங்குத்தான ஓரத்தில் நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி எடுங்கள். கண்ணி அடைத்த (பின்னி முடித்து மூடிய) கிடைமட்ட ஓரத்தில் ஒன்றுக்கு ஒன்று எடுங்கள். உங்கள் வீட்டுப் பனியனின் கழுத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உடம்புப் பகுதி சிங்கிள் ஜெர்சி (நல்ல பக்கம் முழுக்க நிட் மட்டும் தெரியும் பின்னல்), கழுத்து ரிப். மெஷினில் மெல்லிய நூலில் ஓட்டியது என்பதைத் தவிர, நீங்கள் கையால் பின்னுகிற அதே நிட், பர்ல்தான் அங்கேயும். கழுத்துப் பட்டியின் நீளம் கழுத்து வட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டி, இழுத்துத் தைத்திருப்பார்கள். அதனால்தான் அது உடம்போடு ஒட்டி நிற்கிறது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாடப்புத்தகம் வீட்டிலேயே கிடக்கிறது, புரட்டிப் பார்ப்பதில்லை.

குழந்தை ஸ்வெட்டரில் கழுத்துதான் உயிர். குழந்தையின் தலை உடம்புக்குப் பெரியது. ஒரு வயதுக் குழந்தைக்கே தலைச் சுற்றளவு சுமார் 46 சென்டிமீட்டர் இருக்கும். கழுத்தைச் சேர்க்கும் முன் பேரனின் தலையை அளந்து, பட்டியை இழுத்தால் அந்த அளவு வருகிறதா என்று பாருங்கள். கண்ணி அடைக்கும்போது 8ஆம் நம்பர் ஊசியில் தளர்வாக அடையுங்கள். அப்படியும் இறுக்கம் என்றால் ஒரு தோளைத் தைக்காமல் விட்டு மூன்று பட்டன் வைத்துவிடுங்கள். போடவும் கழற்றவும் அதுதான் எளிது.

பக்கத் தையலை வெளிப்பக்கத்திலிருந்து போடுங்கள். இரண்டு பாகத்தையும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏணிப்படி மாதிரி ஓடும் குறுக்கு இழையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்து, ஐந்தாறு எடுத்த பின் மெதுவாக இழுங்கள். தையல் மறைந்துபோகும். உள்பக்கமாக வைத்துத் தைத்தால் வரிசை ஏறுமாறாகும், கனமாகத் தடிக்கும். நூல் முனைகளை ஆறு அங்குலம் விட்டு வெட்டி, ஒரு திசையில் கோத்து, திரும்பி எதிர்த்திசையிலும் கோத்துவிடுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டு சலவையில் பிரிந்துவிடும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் வழுக்கும், அதற்குக் கோப்பு இன்னும் நீளம் வேண்டும்.

முடிந்ததும் உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடைகளில் "உல்லன்" என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். சூடான பெட்டி நேரடியாகப் பட்டால் அக்ரிலிக் பின்னல் தன் துள்ளலை இழந்து துவண்டு தட்டையாகிவிடும். திரும்ப வராது. என்ன நூல் என்று தெரியாவிட்டால் ஒரு சிறு இழையை இடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். உருகிக் கடினமான மணியாக உறைந்தால் அக்ரிலிக் போன்ற செயற்கை இழை. முடி கருகும் வாசனை வந்து, கரி விரலில் நசுங்கினால் அசல் கம்பளி. காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. அக்ரிலிக்காக இருந்தால் மேலே ஈரத்துணி போட்டு, பெட்டியைத் துணியில் படாமல் ஒரு அங்குலம் மேலே பிடித்து, ஆவி மட்டும் படவிட்டு, கையால் வடிவம் தட்டி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கள். கம்பளியானால் பூந்திக்கொட்டை நீரிலோ கொஞ்சம் ஷாம்பு கலந்த நீரிலோ நனைத்து, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, கட்டிலில் அளவு பார்த்துப் பரப்புங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீளும்.

அடி ஓரம் சுருண்டுகொள்கிறது என்றால் அதை எந்த இஸ்திரியும் சரிசெய்யாது. வெட்டிய பனியன் துணியும் அப்படித்தான் சுருளும். ஜெர்சியின் குணமே அது. அடியில் ஒரு அங்குலம் ரிப் பட்டி சேர்ப்பதுதான் மருந்து. நூல் போதாவிட்டால் அதை வேறு நிறத்தில் தைரியமாகச் செய்யுங்கள். ஒட்டியும் ஒட்டாத நிறம் தவறிப்போனதுபோல் தெரியும். முற்றிலும் வேறு நிறம் அலங்காரம்.

பேரன் ஏற்கெனவே வளர்ந்துவிட்டானா? மார்பளவோடு இரண்டு அங்குலம் கூட்டிப் பாருங்கள். ஸ்வெட்டர் அதைவிடக் குறைவு என்றால், பக்கத் தையலுக்குப் பதில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குல அகலத்தில் ரிப் பட்டி பின்னி நடுவில் வைத்துத் தைக்கலாம். மொத்தம் மூன்று அங்குலம் கிடைக்கும். அந்தப் பட்டி அடியிலிருந்து கைக்குழி வரை போகட்டும். அதை ஒரு ஓரத்தில் மட்டும் தைத்து, கைக்குழி ரிப்பை எடுத்து முடித்தபின் மறு ஓரத்தைத் தையுங்கள்.

சரி, குயில்ட்டுக்கு வருவோம்.

பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டை எடுத்து வைத்துவிடுங்கள். அதை வாங்க வேண்டாம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வரும் கனமான குயில்ட் பனி கொட்டும் ஊருக்கு. கோபியில் மார்ச்சிலிருந்து மின்விசிறிக்கு அடியில் தூங்குகிறோம். காற்றுப் போகாத பஞ்சு உடம்பில் வேர்வையைத் தேக்கும். நம் பாட்டிமார் பழைய சேலை நான்கைந்தை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட போர்வை இந்த வெக்கைக்கும் குளிருக்கும் பொருந்தியதற்குக் காரணம், அடுக்கு முழுக்கப் பருத்தி என்பதுதான். இலவம்பஞ்சைப் பரப்பலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மெத்தைக்கும் தலையணைக்கும் அது அருமை. துவைக்கிற போர்வையில் நகர்ந்து மூலையில் கட்டிக்கொள்ளும்.

நடுவில் வைக்கப் பழைய எட்டு முழ வேட்டியைத் தேடுங்கள். பிரித்துப் போட்டால் ஏறக்குறைய 142க்கு 50 அங்குலம். அதை நீளத்தில் பாதியாக வெட்டினால் 71க்கு 50 அளவில் இரண்டு. இரண்டையும் நீள ஓரத்தில் கால் அங்குலம் மேலேற்றிப் பெரிய தையலில் தட்டையாகச் சேர்த்தால் 71க்கு 100. உங்களுக்குத் தேவை 68க்கு 88, அதாவது மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் அதிகம். ஒரு வேட்டி ஒரு அடுக்கு. தைமாதக் குளிருக்கும் வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு. அடித்துணிக்கும் அதே 68க்கு 88 வேண்டும். துணிக்கடை மீட்டர் துணியில் நடுவே ஒட்டுப் போட வேண்டிவரும். அதற்குப் பதில் சென்னிமலையிலோ ஈரோட்டுக் கடைகளிலோ 90க்கு 100 காட்டன் இரட்டைப் படுக்கை விரிப்பு ஒன்று வாங்கினால் ஒட்டே இல்லாமல் முடிந்தது. சென்னிமலைக் கைத்தறி விரிப்பின் கனம் அடித்துணிக்கு நன்றாக நிற்கும்.

ஆனால் புது விரிப்பைத் துவைக்காமல் வைத்துவிடாதீர்கள். உங்கள் பழைய சேலைகள் வருடக்கணக்கில் துவைத்துச் சுருங்கி முடித்தவை. புதுப் பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். இரண்டையும் சேர்த்துத் தைத்தபின் ஒன்று மட்டும் சுருங்கினால் போர்வை முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும். சாயமும் பாருங்கள். சிவப்பு, கருநீலம், அரக்கு நிறத் துண்டுகள் மேல்துணியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் நனைத்த வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால், முதல் சலவைகளைத் தனியாக, குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல் செய்ய வேண்டும்.

அப்புறம் மேல்துணியைச் சன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழைய சேலையில் கால் படும் ஓரமும் கொசுவம் செருகும் இடமும் முதலில் நைந்துவிடும். வெளிச்சம் கசிகிற சதுரத்தை இப்போதே கண்டுபிடித்து, அதன் மேலேயே வேறு துண்டை மடித்து வைத்துத் தைத்துவிடுங்கள். பிரித்து மாற்ற வேண்டியதில்லை. குயில்ட்டை முடித்தபின் கிழிந்தால் மூன்று அடுக்கிலும் கை வைக்க வேண்டிவரும். பிசிறும் இப்போதே வெட்டுங்கள். வெளிர் நிறத் துண்டுக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தால் ஆயுசுக்கும் நிழலாகத் தெரியும். செக்கிங் மேசையில் நாங்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம், மூடுவதற்கு முன் பார் என்பதுதான்.

அடுக்கிப் பரப்புவதுதான் எல்லோரும் தள்ளிப்போடுகிற வேலை. அதற்கு ஒரு முழு ஹாலும் இன்னொரு ஆளும் வேண்டும், நம் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. மகளோ மருமகளோ வருகிற ஒரு ஞாயிறு காலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். மொட்டைமாடியில் செய்யலாம் என்பவர்கள் ஆனி, ஆடியில் முயல வேண்டாம். எங்கள் பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கல் வைத்தாலும் துணியைத் தூக்கிவிடும். தரையைத் துடைத்துக் காயவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். சுருக்கம் போகுமளவு இழுத்தால் போதும். பலமாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது திரும்பிச் சுருங்கி மேல்துணியை மடிக்கும். அதன் மேல் வேட்டி, அதன் மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே கையால் நீவுங்கள். 4 அங்குலத்துக்கு ஒன்று என்று ஊக்குக் குத்தினால் உங்கள் அளவுக்குச் சுமார் 300 ஊக்கு ஆகும். அவ்வளவு இல்லையென்றால் நீளமான ஓட்டுத்தையலால் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துவிடுங்கள். பாட்டிமார் வழி அதுதான், ஊசி நூலைத் தவிர செலவும் இல்லை.

இதற்கு மேல் மூன்று வழி உண்டு. மெஷினில் தைப்பதானால் 14ஆம் நம்பர் புது ஊசி போட்டு, அங்குலத்துக்கு எட்டுத் தையல் வருமாறு நீளத்தைக் கூட்டி, துணியை அமுக்கும் மெஷின் காலின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வாக்கிங் ஃபுட் என்று ஒரு கால் கிடைக்கிறது. மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். நேர்க்கோட்டுக் குயில்ட்டுக்கு அது போதும். நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போங்கள், மீதியைப் பாய்போல் சுருட்டிக்கொள்ளுங்கள், இடதுபக்கம் ஒரு மேசை போட்டுக் கனத்தைத் தாங்குங்கள். துணி தொங்கினால் ஊசி வளையும், தையல் கோணும். கையால் தைப்பது இரண்டாவது வழி. அழகுக்கு ஈடில்லை, ஆனால் காலம் பிடிக்கும். மூன்றாவது, முடிச்சு. எம்பிராய்டரி நூலை ஆறு இழையோடு கோத்து, 4 அங்குலத்துக்கு ஒரு இடத்தில் மூன்று அடுக்கும் சேரக் குத்தி எடுத்து, இடம் வலமாக ஒன்றும் வலம் இடமாக ஒன்றும் போட்டு இறுக்கி, அரை அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். முடிச்சுப் போட்ட குயில்ட் தரம் குறைந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நடுவில் இருப்பது நகர்கிற பஞ்சு அல்ல, நெய்த வேட்டி. அதனால் முடிச்சே தாராளமாகப் பிடித்துக்கொள்ளும். நின்றுபோன உங்கள் வேலைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக ஓரப்பட்டி. முதலில் நான்கு மூலையும் சதுரமா என்று பாருங்கள்: மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். வராவிட்டால் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிச் சரிசெய்யுங்கள். பட்டிக்குக் கணக்கு இப்படி: நான்கு பக்கமும் சேர்த்து 280 அங்குலம், திருப்பவும் சேர்க்கவும் 12, ஆக 292. துணி அகலத்துக்கு வெட்டிய ஒரு கீற்று, சேர்ப்பு போக 40 அங்குலம் கொடுக்கும். எட்டுக் கீற்று வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம். மொத்தம் 20 அங்குலத் துணி. 60 சென்டிமீட்டர் வாங்கினால் போதும். கீற்றுகளைக் குறுக்குச் சாய்வாகச் சேருங்கள், நேராகச் சேர்த்தால் அந்த இடம் தடிக்கும். நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் பண்ணி, மடிப்பில்லாத ஓரத்தைக் குயில்ட்டின் ஓரத்தோடு வைத்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியை நேர் மேலே மடித்து, பிறகு கீழே மடித்து, அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்து தொடங்கினால் மூலை தானாகச் சாய்ந்து மடியும்.

தினம் புழங்கிக் கல்லில் துவைக்கிற போர்வையானால் பட்டியை முதலில் பின்பக்கம் தைத்து, முன்பக்கம் மடித்து, மெஷினிலேயே மேல்தையல் போடுங்கள். கையால் எம்மிங் செய்தது கண்ணுக்கு அழகு, துவைக்கும் கல்லுக்குத் தாங்காது. பட்டி தைக்கவே பிடிக்காது என்பவர்கள் அடித்துணியின் உபரி 4 அங்குலத்தில் ஒரு அங்குலத்தை மட்டும் விட்டு வெட்டி, இரண்டு மடிப்பாக முன்னால் கொண்டுவந்து தைத்துவிடலாம். ஓரம் சீக்கிரம் தேயும். மற்றபடி குறை இல்லை.

இனி அந்தப் பனியன் சதுரங்கள். அவற்றை விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். ஜெர்சித் துண்டு எல்லாப் பக்கமும் இழுபடும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்னால் மெல்லிய ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டாமல், முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போடாமல், நேராகத் தைக்க முடியாது. துணி இலவசமாக வந்தது, ஃபியூசிங்குக்குக் காசு போகும், வேலையோ இருமடங்கு. யாருடைய நினைவாவது அந்தத் துணியில் இருந்தால் அந்தக் கஷ்டம் தகும். வளர்ந்த பிள்ளைகளின் டீ-ஷர்ட் என்றால் நானே "ஒட்டுங்கள்" என்பேன். இது கட்டிங் மேசையில் விழுந்தது. வீணாகப் போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். திருப்பூர்க் கட்டிங் துணி நம் வட்டாரத்தில் பெரும்பாலும் குப்பைக்குப் போவதில்லை. பட்டறைகளில் கை துடைக்கவும் மெஷின் துடைக்கவும் போகிறது. திரும்பப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாகவும் ஓட்டுகிறார்கள். உங்களுக்கும் சமையலறைத் துடைப்புக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை வேஸ்ட் துணி வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தப் பை பீரோவில் இருக்கும்வரை மற்ற இரண்டையும் எடுக்கும்போதெல்லாம் "இதுவும் பாக்கி" என்று உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த வாரம் ஸ்வெட்டர் கையைப் பிரித்து நனைத்துப் போடுங்கள். கடைக்குப் போகும்போது விரிப்பு, பட்டிக்கு 60 சென்டிமீட்டர் துணி, 14ஆம் நம்பர் மெஷின் ஊசி, டேப், எம்பிராய்டரி நூல் மட்டும் வாங்குங்கள். புதுத் துண்டுத் துணி எதையும் வாங்க வேண்டாம். விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு வையுங்கள். பேரனின் மார்பளவு, தலையளவு, உங்கள் பின்னலில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்பதை எழுதுங்கள். பக்கப் பட்டி வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை கண்ணி ஏற்றுவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.